கயிலையும் கால்களும்



தேவார மூவரும் கயிலையைப் பாடினர். சம்பந்தர் திருக்காளத்தியில் இருந்தவாறே பாடினார். சுந்தரர் வெள்ளை யானை மீதேறிச் சென்றார் என்பது புராணம். மூவருள் நடந்து சென்று அடைய முயன்றவர் திருநாவுக்கரசர் ஒருவரே. அவரோ சென்று சேரவில்லை. கயிலையைப் பற்றிய தமிழ்ப் பேச்சு இந்தச் சேராமையிலிருந்து தொடங்குவதே முறை.

திபெத்தின் மேற்கே, 6,600 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது அம்மலை. திபெத்தியர் அதனைக் காங் ரின்போச்சே என்பர். மாணிக்கப் பனிமலை என்பது அதன் கருத்து. சைவர்க்குச் சிவனுறையும் இடம். பௌத்தர்க்கு தெம்சோக்கின் இருக்கை. சமணர்க்கு இருடபதேவர் வீடுபெற்ற அட்டாபதம். பொன் சமயத்தார்க்கும் அது திருமலையே. பொன் சமயத்தார் மட்டும் இடமாகச் சுற்றுகின்றனர், ஏனையோர் வலமாக. எதிரெதிரே வருவோர் ஒரே பாதையில் ஒருவரையொருவர் கடந்து செல்கின்றனர். சமயப் பொறைக்கு இதைவிட எளிய காட்சி கிடைப்பது அரிது.

வலம்வரும் பாதை ஏறத்தாழ 52 கிலோமீட்டர். தார்ச்சென் என்னும் ஊரில் தொடங்கி, முதல்நாள் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே திராபுக் மடத்தை அடைவர். மலையின் வடமுகம் அங்கு முழுதாகத் தெரியும். கடினமானது இரண்டாம் நாள். தோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேலானது. அங்குக் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியளவே. பத்தடி நடந்தால் நிற்க வேண்டும். தலை நோகும், உறக்கம் வாராது, பசி அறும். நோய் முற்றினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கும். உயிர்வளியும் மருந்தும் ஓரளவு துணைசெய்யும். ஆயினும் உறுதியான மருத்துவம் கீழே இறங்குவதே. பக்தியின் அளவு பார்த்து இந்நோய் வருவதில்லை.

கணவாய்க்கு முன்னே சிவாட்சால் என்றோர் இடம் உண்டு. யாத்திரிகர் தம் ஆடையொன்றை, அல்லது மயிர்க்கற்றை ஒன்றை அங்கு விட்டுச் செல்வர். இறந்து பிறப்பதாக அதற்குப் பொருள். உச்சியில் கொடிகள் சுற்றிய தோல்மாக் கல். தோல்மா என்பவள் தாராதேவி. அப்பால் கீழே கௌரிகுண்டம். அதன்பின் முழங்காலை முறிக்கும் இறக்கம். மூன்றாம் நாள் வழி எளிது. திபெத்தியர் பலர் இம்முழு வழியையும் ஒரே நாளில் முடித்துவிடுவர்.

ஆனால் வேறொரு வகையினரும் உளர். குப்புற வீழ்ந்து, நீட்டிய கை தொட்ட இடத்தில் எழுந்து நின்று, மீண்டும் வீழ்ந்து வலம் வருவோர். உள்ளங்கையில் மரக்கட்டை, மார்பு மறைக்கத் தடித்த தோலாடை. கல்லும் பனியும் கடந்து அவர்கள் சுற்றிமுடிக்க வாரங்கள் ஆகும்.

இங்கேதான் சேக்கிழார் நினைவுக்கு வருகிறார். காசியில் உடன் வந்தோரை விட்டுத் தனியே சென்ற நாவுக்கரசர்க்குக் கால்கள் பரடுவரை தேய்ந்தன. கைகளால் தவழ்ந்தார், மணிக்கட்டுவரை தேய்ந்தன. மார்பால் ஊர்ந்தார், பின்னர்ப் புரண்டார். வகுப்பறைகளில் இதனை உயர்வு நவிற்சி என்று சொல்லிக் கடந்துபோவது வழக்கம். அது பிழை. திபெத்திய வழக்கத்தைச் சேக்கிழார் அறிந்திருந்தார் என்று கொள்ளச் சான்றில்லை. எனினும் உடலையே அளவுகோலாக்கி நிலத்தை அளக்கும் அச்செயலின் ஒழுங்கை அவர் உறுப்பு உறுப்பாக எழுதியிருக்கிறார். ஒரு வேறுபாடு உண்டு. திபெத்தியர் கையைக் காத்துக்கொள்கின்றனர். நாவுக்கரசர் காக்கவில்லை.

காரைக்கால் அம்மையார் அம்மலையைக் காலால் மிதித்தல் ஆகாது என்று தலையால் நடந்தார் என்பர். இன்றுவரை அச்சிகரத்தில் ஏறியதாகப் பதிவுபெற்றவர் எவருமிலர். ஏற வல்லார் இல்லாமையால் அன்று, மிதித்தல் ஆகாது என்பதனாலேயே.

நாவுக்கரசரை முனிவர் வடிவில் வந்த இறைவன் திரும்பிப்போகச் சொல்கிறான். அவர் மறுக்கிறார். இந்திய அரசு 1981 முதல் லிப்புலேக் வழியே நடத்திவந்த யாத்திரையிலும் அத்தகைய கட்டம் ஒன்று உண்டு. குஞ்சி முகாமில் மருத்துவர் சோதித்து, உடல் தாங்காதாரைத் திருப்பி அனுப்புவர். ஆண்டுகள் சேர்த்த பணமும் விரதமும் ஓர் இரத்த அழுத்தக் கணக்கின் முன் நின்றுபோகும். அவ்வாறு திரும்புவோரைத் தோற்றவர் எனப் பேசும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. 2020 முதல் 2024 வரை யாத்திரையே நடைபெறவில்லை; 2025-இல் மீண்டும் தொடங்கியது. குதிரை ஆண்டில் ஒரு வலம் பதின்மூன்றுக்கு ஈடு என்பது திபெத்தியர் நம்பிக்கை. 2014 அத்தகைய ஆண்டு, 2026-உம் அவ்வாறே. கூட்டம் பெருகும், திருப்பி அனுப்பப்படுவோர் தொகையும் பெருகக்கூடும்.

மறுத்த நாவுக்கரசரைப் பொய்கையில் மூழ்கச் செய்கிறான் இறைவன். அவர் எழுந்தது காவிரிக்கரைத் திருவையாற்றில். அங்கு அவர் கண்டது பனிமலை அன்று. களிறு பிடியோடு வருகிறது. கோழி பெடையோடு வருகிறது. குயிலும் அன்னமும் மயிலும், நாரையும் கிளியும் தத்தம் துணையோடு வருகின்றன. தேய்ந்த கால்களோடு சென்றவர்க்குக் காட்டப்பெற்றவை ஊர்ப்புறத்தில் எவரும் காணும் உயிர்களே. அப்பதிகத்தில் பனி இல்லை, கணவாய் இல்லை. அவர் பட்ட பாட்டையும் அதில் ஒரு சொல்லால் சொல்லவில்லை. அதைச் சொன்னவர் பின்வந்த சேக்கிழார்.

ஆடி அமாவாசையில் திருவையாற்றில் அக்காட்சி இன்றும் விழாவாக நிகழ்கிறது. கோயில் வளாகத்தில் வடகயிலாயம் என்றொரு தளி உண்டு. எடுப்பித்தவள் முதலாம் இராசராசனின் தேவி உலோகமாதேவி. அதனை வலம்வரச் சில நிமிடங்கள் போதும்.