தண்ணீர்ப்பாம்பும் நச்சுப்பாம்பும்

(சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

      

வெள்ளி விழாக் காணும் நமது கல்விச் சங்கத்தின் சார்பில், கல்வியின் பயனைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். கல்வியால் பதவியும் ஊதியமும் வரும் என்பதை எனக்கு முன் பேசியவர்கள் நன்கு எடுத்துரைத்தார்கள். நான் வேறொரு பயனைக் கூற விரும்புகிறேன். அறிவு உயிரைக் காக்கும். அறியாமை உயிரைக் கொல்லும். இதைப் பாம்பு என்னும் ஒரு பொருளைக் கொண்டே விளக்குகிறேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும். கோடையில் எங்கள் ஊர்க் கண்மாய் வற்றியபோது, சேற்றில் கைவிட்டு மீன் பிடித்துக் கொண்டிருந்தேன். ஒரு பாம்பு கையைக் கடித்துவிட்டது. இரத்தம் வழிந்தது. என் தாயார் அலறிக்கொண்டு, விஷக்கடிக்குப் பார்வை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் என்னைத் தூக்கிச் சென்றார். அவர் வேப்பிலை அடித்தார், மந்திரம் சொன்னார், கசப்பாக ஏதோ குடிக்கக் கொடுத்தார். மாலையில் நான் எழுந்து விளையாடினேன். என் தந்தையார் அவருக்கு ஒரு கோழியும் ஐந்து ரூபாயும் கொடுத்து வணங்கினார்.

அடுத்த ஐப்பசி மாதம், அடைமழைக் காலம். தீப்பெட்டி ஆலையில் வேலை செய்துவந்த என் அத்தை, வீட்டில் தரையில் பாய் விரித்து உறங்கினார். விடியுமுன் வயிறு வலிக்கிறது என்று எழுந்தார். பிறகு கண்ணிமைகள் தாமாகவே மூடின. தூக்கக் கலக்கம் என்று எண்ணினோம். சற்று நேரத்தில் எச்சிலை விழுங்க முடியவில்லை, பேச்சும் குழறியது. பாயைச் சுருட்டியபோதுதான் அதனடியில் கறுத்த பாம்பு ஒன்று கிடந்தது தெரிந்தது. உடனே அத்தையை அதே பெரியவரிடம் தூக்கிச் சென்றார்கள். "நம்ம பிள்ளையைப் பிழைக்க வச்சவர் ஆச்சே" என்று என் தந்தையார் சொன்னது இன்றும் என் காதில் ஒலிக்கிறது. நண்பகலுக்கு முன் அத்தை இறந்துவிட்டார்.

தோழர்களே! என்னைக் கடித்தது தண்ணீர்ப்பாம்பு. அதற்கு மனிதரைக் கொல்லும் நஞ்சில்லை. வேப்பிலை அடிக்காவிட்டாலும் நான் பிழைத்திருப்பேன். அத்தையைக் கடித்தது கட்டுவிரியன். அதன் நஞ்சுக்கு மந்திரம் இல்லை. அந்தப் பெரியவரை நான் பழிக்கவில்லை. தம் மந்திரத்தை அவரும் உண்மையென்றே நம்பினார். நஞ்சில்லாப் பாம்புகள் கடித்தவர்கள் எல்லாரும் பிழைத்தார்கள். அந்தப் புகழ் முழுவதும் மந்திரத்திற்குப் போய்ச் சேர்ந்தது. நச்சுப்பாம்பும் சில வேளைகளில் நஞ்சைச் செலுத்தாமலே கடிப்பதுண்டு. அந்தப் புகழும் மந்திரத்திற்கே போயிற்று. இவ்வாறு வளர்ந்த நம்பிக்கைதான் என் அத்தையை மருத்துவமனைக்குப் போகவிடாமல் தடுத்தது. ஆகவேதான் எது தண்ணீர்ப்பாம்பு, எது நச்சுப்பாம்பு என்பதை நாம் அறிய வேண்டும் என்கிறேன்.

முதலில் தண்ணீர்ப்பாம்பு. நம் கண்மாய்களிலும் கிணறுகளிலும் வயல்களிலும் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. மஞ்சள் கலந்த பழுப்பு நிற உடலில், சதுரங்கப் பலகையைப் போலக் கறுப்புக் கட்டங்கள் வரிசையாக இருக்கும். கண்ணிலிருந்து வாயை நோக்கி இரண்டு கறுப்புக் கோடுகள் சாய்வாக இறங்கும். கண்மணி வட்டமாக இருக்கும். மீனும் தவளையும் இதன் உணவு. பிடித்தால் சினந்து கடிக்கும், இரத்தமும் வரும். அக்காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, மருத்துவரிடம் காட்டித் தடுப்பூசி போட்டுக்கொண்டால் போதும். ஈரப் புல்வெளியில் முதுகின் இருபுறமும் மஞ்சள் கோடு ஓடும் சிறு பாம்பும், நீர்ச்செடிகளுக்கிடையே வாழும் பச்சை கலந்த நிறப் பாம்பும் இதன் உறவினங்களே. இவையும் தீங்கற்றவை.

இனி, ஏமாற வைக்கும் இடங்களைக் கூறுகிறேன். தண்ணீர்ப்பாம்பு அஞ்சினால் கழுத்தைத் தட்டையாக்கித் தலையைத் தூக்கும். நம் பிள்ளைகள் "நல்லபாம்பு" என்று கூவிக்கொண்டு அதைக் கல்லால் அடித்துக் கொல்கிறார்கள். நல்லபாம்பு எடுக்கும் படம் அகன்றது; அதன் பின்புறத்தில் பெரும்பாலும் மூக்குக்கண்ணாடி போன்ற குறி இருக்கும். தண்ணீர்ப்பாம்பின் கழுத்து சற்றே விரியும், அக்குறி இராது.

கண்ணாடி விரியனின் உடல் பருத்தது, வால் குட்டையானது, தலை முக்கோணமானது. முதுகில் கருவிளிம்புடைய பெரிய நீள்வட்டப் புள்ளிகள் சங்கிலி கோத்ததுபோல மூன்று வரிசையாக ஓடும். அருகே சென்றால் துருத்தி ஊதுவதுபோல் உரக்கச் சீறும். தண்ணீர்ப்பாம்பின் கட்டங்கள் சிறியவை. வாலோ நீண்டு மெலிந்தது. நஞ்சற்ற மண்ணுளிப் பாம்பையும் விரியன் என்று எண்ணிக் கொல்வோர் உண்டு.

கட்டுவிரியன் பளபளக்கும் கறுப்பு நிறமுடையது. அதன் மெல்லிய வெள்ளை வளையங்கள் வால் பக்கம் தெளிவாகவும், தலைப்பக்கம் மங்கியும் இருக்கும். வீட்டுச் சுவர்களில் ஏறும் வெள்ளிக்கோல் வரையன் இதைப் போலவே தோன்றும். ஆனால் அதன் பட்டைகள் கழுத்திலேயே தெளிவாகத் தொடங்கி, வால் பக்கம் மங்கும். அது நஞ்சற்றது. கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. அது கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாக இராது. பல்குறிகூடத் தெரியாமல் போகலாம். தரையில் உறங்கியவர் விடியலில் வயிற்றுவலி என்றாலோ, இமை சரிந்தாலோ, ஒரு நொடியும் தாமதிக்கலாகாது.

நான்காவது சுருட்டை விரியன். ஒன்றரை அடி நீளமே இருக்கும். வறண்ட பாறை நிலத்திலும் விறகுக் குவியலிலும் இருக்கும். உடலைச் சுருட்டிச் செதில்களை உரசி, இரம்பம் அறுப்பதுபோல் ஓசை எழுப்பும். சீமைக்கருவேலம் வெட்டுவோரும் கரிமூட்டம் போடுவோரும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. தண்ணீரில் இருப்பதெல்லாம் தண்ணீர்ப்பாம்பு அன்று. எல்லாப் பாம்புகளுக்கும் நீந்தத் தெரியும். தவளையையும் எலியையும் தேடி நல்லபாம்பு கண்மாய்க் கரைக்கு வரும். எனவே நான் கூறிய அடையாளங்கள் தொலைவில் நின்று பார்ப்பதற்கு உரியவை. கையால் பிடித்துப் பார்ப்பதற்கு அல்ல. எது கடித்தது என்று ஐயம் சிறிதளவு இருந்தாலும் மருத்துவமனைக்கே செல்ல வேண்டும்.

பாம்புக்கடி ஏழையின் நோய். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். சராசரியாக ஆண்டொன்றுக்கு 58,000 பேர். இவர்களில் பெரும்பாலோர் கிராமத்தார். உலக சுகாதார நிறுவனம் 2017இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு அரசு 2024இல் இதை அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது.

புறக்கணிப்பு நமக்குப் புதிதன்று. ஊரின் மேட்டு நிலம் பிறருக்கும், கண்மாயை ஒட்டிய பள்ளம் நமக்கும் என்று பல ஊர்களில் ஒதுக்கப்பட்டது. நம் பெண்கள் பட்டாசு ஆலை வண்டியைப் பிடிக்க இருள் பிரியுமுன் நடக்கிறார்கள். நம் பாட்டன்மார் ஊர்த் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்குமாறு செய்யப்பட்டனர். பாம்பு பெரும்பாலும் கடிப்பது பாதத்திலும் கணுக்காலிலும்தான்! மனிதனை இழிவுபடுத்திய அந்த வழக்கம், அவன் காலின் காப்பையும் பறித்தது. ஆகவே செருப்பு அணிவது நம் உரிமை மட்டுமன்று. நம் உயிர்க்காப்பும் ஆகும்.

கடித்துவிட்டால் செய்ய வேண்டியவை சிலவே. கடிபட்டவரைப் படுக்க வைத்துத் தைரியம் சொல்லுங்கள். நடக்க விடாதீர்கள். மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றுங்கள். எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் கட்டை வைத்து அவ்வுறுப்பை அசையாமல் வையுங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். 108க்குத் தொலைபேசி செய்யுங்கள். பாம்பைத் தேடி அடிக்க வேண்டா. நான்கு வகை நச்சுக்கும் ஒரே மாற்று மருந்துதான் இந்தியாவில் கொடுக்கப்படுகிறது. அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. நஞ்சின் அறிகுறி இல்லை என்றாலும், மருத்துவர் சொல்லும் வரை அங்கேயே தங்கியிருங்கள்.

அம்மருந்து எங்கிருந்து வருகிறது தெரியுமா? 1978இல் செங்கற்பட்டுப் பகுதியில் இருளர் பழங்குடியினர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். வடநெம்மேலியில் அவர்கள் பாம்புகளைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் விட்டுவிடுகிறார்கள். அந்நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்திலிருந்து மருந்து செய்கிறார்கள். அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கல்வியறிவற்றோர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் அறிவால் இன்று நாடு முழுவதும் உயிர்கள் காக்கப்படுகின்றன.

இளைஞர்களே! உங்களிடம் சில வேண்டுகோள்கள். நமது மாலை வகுப்பின் சுவரில் இந்நான்கு நச்சுப்பாம்புகளின் படங்களையும், தண்ணீர்ப்பாம்பின் படத்தையும் ஒட்டி வையுங்கள். இரவில் வெளியே செல்லும் தாய்மார் கையில் கைவிளக்கும், காலில் செருப்பும் இருக்கச் செய்யுங்கள். ஆலையில் கழற்றி வைத்த செருப்பை உதறிவிட்டு அணியச் சொல்லுங்கள். கட்டில் இல்லாத வீட்டில் கொசுவலையைப் பாயின் அடியில் நன்கு செருகி உறங்கச் சொல்லுங்கள். வீட்டிற்குள் பாம்பு வந்தால் அடிக்காமல் தீயணைப்பு நிலையத்தை 101இல் அழையுங்கள்.

என் அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் அன்று எவருக்கும் இந்தச் செய்தி தெரியாது. இன்று உங்களுக்குத் தெரியும். இதை உங்கள் வீட்டில் இன்றிரவே சொல்லுங்கள்.