வீட்டுவரி ரசீதில் ஒரு வரி

திருவண்ணாமலை மாவட்டத்து நெசவு ஊரான கண்ணமங்கலத்தில் சொந்த வீடு உள்ளவர்கள் பேரூராட்சியில் வரி கட்டிவிட்டு வாங்கும் ரசீதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். சொத்து வரியோடு நூலக வரி என்று ஒரு தொகையும் சேர்ந்திருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம். ஆயிரம் ரூபாய் சொத்து வரி கட்டுகிற வீடு, நூலகத்துக்கென்றே நூறு ரூபாய் தருகிறது. தறியில் உட்கார்ந்து சம்பாதித்த காசு அது. பேரூராட்சி அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் செலுத்த வேண்டும். அந்த ஆணைக்குழுவுக்கு ஒரு தலைவரும் உறுப்பினர்களும் உண்டு. அவர்கள் பொதுமக்கள் சார்பில் இருப்பவர்கள். அதன் செயலாளர் மாவட்ட நூலக அலுவலர். அவர் நூலகத் துறை அதிகாரி. ஊர்க்காரர் ஒரு பக்கம், தொழில் தெரிந்தவர் மறுபக்கம் என்று அமைந்த இந்த ஏற்பாட்டில் இரண்டு பேரும் எப்படி ஒத்து வேலை செய்வது என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இப்படிப்பட்ட இரட்டை ஏற்பாடு நம் பக்கத்து மக்களுக்குப் புதிதல்ல. கோயிலில் அறங்காவலர் குழுவும் செயல் அலுவலரும் இருக்கிறார்கள். நெசவாளர் கூட்டுறவு சங்கத்தில் தலைவரும் மேலாளரும் இருக்கிறார்கள். இவர்களுக்குள் மனக்கசப்பு வந்தால் ஊரார் முதலில் கேட்பது, இதில் யாருக்கு அதிகாரம் அதிகம் என்பதைத்தான். நூலகத்தைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியால் பயன் குறைவு என்பது என் கருத்து. கையெழுத்து யாருடையது என்பதைச் சட்டமும் விதியும் சொல்லிவிடும். ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்கு எப்போது தெரிகிறது என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும். உறவு கெட்ட இடங்களில் பெரும்பாலும் நடந்திருப்பது, ஒருவர் அறிந்ததை மற்றவர் காலம் கடந்து அறிந்ததுதான்.

நம் நூலகச் சட்டம் பிறந்த கதையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1930இலேயே ஒரு மாதிரி நூலக மசோதாவை எழுதி வைத்துவிட்டார். எழுதி வைத்த மசோதா சட்டமாவதற்கு, சட்டமன்றத்தை அறிந்த ஒருவர் வேண்டியிருந்தது. கல்வி அமைச்சராக வந்த தி.சு. அவினாசிலிங்கம் அந்தப் பொறுப்பை ஏற்றார். 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகையில் முதல் சட்டம் அதுதான். நூலகம் எப்படி இயங்க வேண்டும் என்று அறிந்தவர் ஒருவர், அதற்குப் பணமும் ஒப்புதலும் எங்கிருந்து வரும் என்று அறிந்தவர் ஒருவர். இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் இன்று உங்கள் ரசீதில் அந்த வரி இருக்காது.

ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நூல் பயன்படுவதற்கே என்பது முதல் விதி. இதை ஒரு பொன்மொழியாகச் சுவரில் எழுதி வைத்துவிடுகிறோம். அந்த விதியை விளக்கும்போது அவர் எடுத்துக்கொண்ட பொருள்களைக் கவனிப்பவர் குறைவு. நூலகம் எந்த இடத்தில் இருக்க வேண்டும், எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், மேசை நாற்காலி எப்படி இருக்க வேண்டும், ஊழியர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பவைதான் அவை. இரண்டாம் விதிக்கு வரும்போது அரசின் கடமை, நூலக ஆணைக்குழுவின் கடமை, ஊழியரின் கடமை, வாசகரின் கடமை என்று தனித்தனியாகப் பிரித்துப் பேசுகிறார். இதில் எதுவும் ஒருவர் தனியாக முடிவெடுக்கக்கூடிய காரியமாக இல்லை.

நேரத்தையே எடுத்துக்கொள்வோம். நெசவு நடக்கும் ஊரில் நூலகம் எப்போது திறந்திருக்க வேண்டும்? பட்டு நெய்பவர் விடிந்ததும் தறிக்குழியில் இறங்கினால் வெளிச்சம் மங்கும்வரை தறியை விட்டு எழுவது குறைவு. வீட்டுப் பெண்களும் முதியவர்களும் தார் சுற்றுகிறார்கள். அமாவாசையன்று தறி ஓட்டுவதில்லை என்ற வழக்கம் நெசவாளர் பலரிடம் உண்டு. நூலகத்தின் வார விடுமுறையோ வெள்ளிக்கிழமை. இந்த இரண்டு நாள்காட்டிகளும் ஒன்றையொன்று அறியாமல் ஓடுகின்றன. கிளை நூலகரிடம் வருகைப் பதிவேடு இருக்கிறது. எந்த நேரத்தில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று அதைப் பார்த்து அவரால் சொல்ல முடியும். வராதவர்கள் ஏன் வரவில்லை என்பது அந்தப் பதிவேட்டில் இருக்காது. அதைச் சொல்லக்கூடியவர் தெருவை அறிந்த ஆணைக்குழு உறுப்பினர்தான். மாலை ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறக்கலாம் என்று உறுப்பினர் மட்டும் பேசினால், ஊழியருக்கு அது குறை சொல்வதாகப் படும். ஆள் இல்லை என்று அலுவலர் மட்டும் எழுதினால், உறுப்பினருக்கு அது சாக்காகப் படும். பதிவேட்டையும் தெருவின் செய்தியையும் ஒரே மேசையில் வைத்துப் பேசினால், எந்த நாளில், எந்த ஊழியரைக் கொண்டு, எவ்வளவு செலவில் என்று பேச்சு திசை திரும்பும்.

பண விஷயம் இதைவிடக் கூர்மையானது. உள்ளாட்சிகள் வசூலித்த நூலக வரியை உரிய நேரத்தில் செலுத்தாமல் நிலுவை வைப்பது தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக இருந்துவரும் குறை. அலுவலர் கடிதம் எழுதுவார், நினைவூட்டல் எழுதுவார், இரண்டும் கோப்பில் சேரும். ஒரு பேரூராட்சித் தலைவரிடம் நேரில் போய், இது உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பணம் என்று பேசக்கூடியவர் ஆணைக்குழுத் தலைவர். ஆனால் எந்த உள்ளாட்சி எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறது என்ற பட்டியலை அலுவலர் அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும். கெட்ட செய்தியை மறைக்காமல், தணிக்கையில் வெளிவரும்வரை காத்திராமல் சொல்கிற அலுவலரும், அதைக் கேட்டுச் சினந்து எழாமல் ஆக வேண்டியதைக் கேட்கிற தலைவரும் சேர்ந்தால் அந்த மாவட்டத்தின் பாதிக் கவலை தீர்ந்தது.

கடல் தாண்டி ஒரு சான்று. யாழ்ப்பாணத்தில் கே.எம். செல்லப்பா 1933இல் தம் வீட்டில் தொடங்கிய சிறு நூலகம், ஊர்ப் பெரியோர் குழுவாகச் சேர்ந்ததால் பொது நூலகமாக வளர்ந்து உள்ளாட்சியின் கைக்குப் போனது. பெரிய கட்டடம் எழுப்ப நினைத்தபோது பாதிரியார் லாங் முதலானோர் இருந்த குழு அதற்கு முன்னின்றது. நூலக அமைப்பைப் பற்றி ரங்கநாதனிடம் ஆலோசனை கேட்டார்கள். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் தந்தார். 1959இல் திறந்த அந்த நூலகம் 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டபோது தமிழுலகம் கலங்கியதை அறிவோம். அந்த இழப்பைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம், பேசத்தான் வேண்டும். அதைக் கட்டியவர்களின் பழக்கத்தைப் பற்றியும் பேச வேண்டும். பணம் திரட்டியவர்கள் அலமாரி எங்கே நிற்க வேண்டும் என்று தாங்களே தீர்மானிக்காமல், அறிந்தவரைத் தேடிப் போனார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஆணைக்குழுத் தலைவர்கள் அரசியல் சார்ந்து நியமிக்கப்படுகிறார்கள்; அவர்களை நெருங்கவிட்டால் நூல் தேர்விலும் ஊழியர் மாற்றத்திலும் தலையிடுவார்கள்; அலுவலர் எட்ட நிற்பதே பாதுகாப்பு என்பார்கள். இந்த அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வேண்டியவர் எழுதிய நூலை வாங்கச் சொல்வது, வேண்டாதவரை மாற்றச் சொல்வது, இரண்டும் நூலகத்தை அரிக்கும். இதற்கு மருந்து, நூல் தேர்வுக்கு எல்லோரும் பார்க்கும்படியான முறை. 2024இல் தமிழ்நாடு அரசு வெளிப்படையான நூல் கொள்முதல் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்தது அந்தத் திசையில்தான். முறை தெளிவாக இருக்கும் இடத்தில் அலுவலர் பணிவாகவே மறுக்க முடியும். தலைவரும் தம்மிடம் வருகிறவர்களுக்கு அதையே பதிலாகச் சொல்ல முடியும். எட்ட நிற்பதால் தலையீடு நிற்காது. அது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும்.

தலைவரே இல்லாமல் அலுவலரே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்பவர்களும் உண்டு. நியமனம் நடக்காமல் தலைவர் நாற்காலி காலியாக இருந்த காலங்கள் பல மாவட்டங்களில் இருந்திருக்கின்றன. சம்பளம் போனது, செய்தித்தாள் வந்தது. ஆனால் மாறுதலில் வந்து மாறுதலில் போகும் ஓர் அலுவலர் புதுக் கட்டடத்துக்கு இடம் கேட்டு ஊர் ஊராக அலைய முடியாது. மறுபக்கமும் உண்மைதான்: தொழில் தெரியாதவர்கள் கையில் மட்டும் விடுவதும் நல்லதல்ல. 1972இல் பொது நூலகத் துறைக்குத் தனி இயக்ககம் வரும்வரை கல்வி இயக்குநர்களே நூலகங்களையும் சேர்த்துக் கவனித்தார்கள். நெ.து. சுந்தரவடிவேலு போன்ற பெரியவர்கள் அதில் நிறையச் செய்தார்கள். ஆயினும் வே. தில்லைநாயகம் இயக்குநராக வந்தபோதுதான் நூலகத் தொழிலைக் கற்ற ஒருவர் முதன்முதலாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டம் வந்து 24 ஆண்டுகள் கழிந்திருந்தன.

கண்ணமங்கலத்துக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ஆணைக்குழு கூடுவது திருவண்ணாமலையில். இந்த ஊருக்கோ வேலூர்தான் பக்கம். மாவட்டத்தின் ஓரத்தில் இருக்கும் கிளையின் தேவை கூட்டப்பொருளில் ஏறுவது எளிதல்ல. அதற்குத்தான் நூலகத்தின் வாசகர் வட்டம் இருக்கிறது. ஆயிரம் ரூபாய் கொடுத்து நூலகப் புரவலரானவர்களும் இருப்பார்கள். பெயர்ப்பலகையில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு அவர்கள் நிற்க வேண்டியதில்லை. கிளை நூலகரோடு உட்கார்ந்து, நேரம், மின்விசிறி, போட்டித் தேர்வு நூல்கள், நெசவு வடிவமைப்பு நூல்கள் என்று என்னென்ன வேண்டும் என ஒரு தாளில் எழுதி, ஒரு படியை அலுவலருக்கும் ஒரு படியைத் தலைவருக்கும் ஒரே நாளில் அனுப்பலாம். ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் அது மற்றவர்மேல் புகாராகிவிடும். அடுத்த அரையாண்டு வரி கட்டப் போகும்போது, இந்த ஊரிலிருந்து வசூலான நூலக வரி எந்த மாதம்வரை ஆணைக்குழுவுக்குச் செலுத்தப்பட்டிருக்கிறது என்று பேரூராட்சியில் கேளுங்கள். கிடைக்கும் பதிலையும் அதே தாளில் சேர்த்து எழுதுங்கள்.