மூலையில் இருக்கும் பிள்ளை வகுப்புக்கு வரட்டும்

(அறக்கட்டளையின் கல்வி உதவி வழங்கும் கூட்டத்தில், மூலனூரில் செயலாளர் ஆற்றிய உரை)

 

நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகளை இன்று பாராட்டினோம், அல்ஹம்துலில்லாஹ். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பிள்ளைகளைப் பற்றியும் சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

மிது அலூர் என்ற அம்மையாருக்கு 1966-இல் பிறந்த மகள் மாலினிக்கு மூளை முடக்குவாதம். அறிவில் குறையில்லை, கைகால்களும் பேச்சும்தான் ஒத்துழைக்கவில்லை. மகளுக்காகவே சிறப்புக் கல்வியை லண்டனில் பயின்ற அந்தத் தாய், 1972-இல் மும்பையில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவை நிறுவி, இத்தகைய பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். 1989-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அதோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். எல்லா ஏழைக் குழந்தைகளுக்கும் என்று சொல்லப்பட்ட அங்கன்வாடித் திட்டத்தில் மாற்றுத்திறன் குழந்தைகள் விடுபட்டுப் போனதை அந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. தனிப்பள்ளி கண்ட அவரே, இந்தப் பிள்ளைகள் மற்ற பிள்ளைகளோடு பொதுப்பள்ளியில் படிக்க வேண்டும் என்று வாதாடினார். மாலினி மும்பை செயின்ட் சேவியர் கல்லூரியில் பட்டமும், லண்டனில் இரண்டு முதுகலைப் பட்டங்களும் பெற்றார். ஒரே ஒரு சின்ன விரலால் தட்டச்சு செய்து தன் வரலாற்றை நூலாக்கினார்.

இதில் தலைமை ஆசிரியரின் பங்கு பெரிது. வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவதும், சாய்தளம் போடுவதும், கேலி செய்யும் பிள்ளைகளைத் திருத்துவதும் அவர் மனது வைத்தால் நடக்கும். ஒரு சிறப்பாசிரியர் மட்டும் தனியாக இழுக்கும் தேரல்ல இது.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களை ஏற்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைப் பெற்றோரே முடிவு செய்யலாம். அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடஒதுக்கீடும் இருக்கிறது.

விடிந்தால் பனியன் கம்பெனி வேலைக்குக் கிளம்பும் வீடுகளில், இப்படிப்பட்ட பிள்ளை பாட்டியின் பொறுப்பில் திண்ணையோடு நின்றுவிடுகிறது. 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்ற தயக்கம் வேறு. தாய்மார்களே, மறைக்காதீர்கள். முதலில் மருத்துவச் சான்றும் தேசிய அடையாள அட்டையும் வாங்குங்கள். பிறகு வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரைப் பாருங்கள். விண்ணப்பம் எழுதுவதற்கும் கூட வருவதற்கும் நாங்கள் இருக்கிறோம்.

பட்டம் முடித்த நம் பெண்மக்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிறப்புக் கல்வியில் பி.எட். படியுங்கள். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் உள்ள படிப்பா என்று பார்த்துச் சேருங்கள். கோவையிலேயே அவினாசிலிங்கம் நிறுவனத்திலும், பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வளாகத்திலும் இத்துறை இருக்கிறது. இதில் பட்டம் பெற்று, ஆய்வு செய்து, நாளை பள்ளித் தலைமைக்கும் வரலாம்.

பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களைப் பாங்கு சொல்ல வைத்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். தாங்கள் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பையும் அவரிடம் ஒப்படைத்தார்கள். அந்த உம்மத்தில் வந்த நாம், நம் பிள்ளைக்கு வகுப்பில் ஓர் இடமாவது கேட்டு வாங்குவோம். அல்லாஹ் துணை நிற்பானாக.