ஒரு தீபம், மூன்று தகடுகள்

கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்குத் திருவண்ணாமலையில் 2,668 அடி மலை உச்சியில் மகாதீபம் ஏறுகிறதே, வீடியோத் தகட்டுக்கு அதைவிடக் கடினமான தேர்வு கிடையாது. மேலே மங்கும் வானத்தில் ஊசிமுனை அளவு சுடர். கீழே ஒன்றுகூட அசையாமல் நிற்காத லட்சக்கணக்கான தலைகள். விசிடி, டிவிடி, ப்ளூ ரே மூன்றையும் இந்தக் காட்சியை வைத்தே எடைபோடலாம். தேர்வில் கடைசியாக வரும் விசிடிதான் திருவண்ணாமலை போன்ற ஊர்களுக்கு அதிகம் உழைத்தது என்பேன்.

1993இல் வந்த விசிடி, பாட்டு சிடியின் உடம்பையே கடன் வாங்கியது. அதே 780 நானோமீட்டர் லேசர், 1.6 மைக்ரான் இடைவெளியில் அதே சுருள்தடம். 74 நிமிடப் படம் அதில் அடங்க, 352×288 புள்ளிகளும் நொடிக்கு 1.15 மெகாபிட்டும்தான் மிஞ்சின. அதுவும் ரேஷன் போல, அசையாத மலைக்கும் அலைமோதும் கூட்டத்துக்கும் ஒரே அளவு. அதனால்தான் அரோகரா முழக்கத்தில் கைகள் உயரும்போது படம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. 1996இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டிவிடி, 650 நானோமீட்டர் சிவப்பு லேசரால் தடத்தை 0.74 மைக்ரானுக்கு நெருக்கி, ஓர் அடுக்கில் 4.7 ஜிபி கொண்டது. புள்ளிகள் நான்கு மடங்கு. ஆனால் பெரிய முன்னேற்றம் பங்கீட்டில் வந்தது: மலைக்குக் கொஞ்சம் கொடுத்து, மிச்சத்தைக் கூட்டத்துக்கு வாரி வழங்க அதற்குத் தெரியும். 2006இல் வந்த ப்ளூ ரே, 405 நானோமீட்டர் லேசர், 25 ஜிபி என்று வளர்ந்து விசிடியைப்போல இருபது மடங்கு புள்ளிகளைக் காட்டியது. சுடரையும் புகையையும் பிரித்துக் காட்டும் திறன் அதற்கு உண்டு. நம் தெருக்களுக்குத்தான் அது வந்து சேரவில்லை.

விசிடி வந்து சேர்ந்ததற்குக் காரணம், அதற்குப் பூட்டு இல்லை. டிவிடிக்கு மறையாக்கமும் மண்டல எண்ணும் இருந்தன, இந்தியாவுக்கு 5. விசிடியை ஒரு கணினியும் சிடி ரைட்டரும் வைத்திருந்த ஸ்டூடியோக்காரரே தயாரிக்கலாம். கல்யாணம், கும்பாபிஷேகம், தெருக்கூத்து எல்லாம் அப்படித்தான் தகடாயின. பூட்டில்லாததால் திருட்டு வளர்ந்ததே என்று கேட்பார்கள். வளர்ந்தது, 2004இல் தமிழ்நாடு அரசு வீடியோத் திருடர்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவரும் அளவுக்கு. ஆனால் பூட்டிய டிவிடியும் தப்பவில்லையே. ஒரே தகட்டில் நாலைந்து படங்களாகத் திருட்டு டிவிடியும் தெருவுக்கு வந்தது. விசிடி பிழைத்ததற்குத் திருட்டு மட்டுமே காரணம் என்றால், 2007இல் மோசர் பேர் நிறுவனம் உரிமம் பெற்ற படங்களை விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என இரண்டாகவும் விற்றிருக்கத் தேவையில்லை. ஆறு ரூபாய் வித்தியாசத்துக்காக அல்ல, வீடுகளில் இருந்த விசிடி பிளேயர்களுக்காகத்தான் அது என்று நினைக்கிறேன்.

அப்படியானால் தெளிவு முக்கியமில்லையா? பார்த்து மகிழ்வதற்கு அவ்வளவு இல்லை. பாதுகாப்பதற்கு மிக முக்கியம். டிஜிட்டல் வீடியோ டேப்பில் 720×576 புள்ளிகளாகப் பதிந்த கூத்தை விசிடியாக மாற்றிவிட்டு டேப்பை அழித்திருந்தால், நான்கில் மூன்று பங்கு போனது போனதுதான். எந்த மென்பொருள் பெரிதாக்கினாலும் அது ஊகித்து வரைந்த முகமே தவிர, அன்று ஆடியவரின் முகம் அல்ல. ஆகவே பழைய பதிவுகளைத் தேடுவோர் முதலில் டேப்பைக் கேளுங்கள், பிறகு டிவிடி, கடைசியில் விசிடி. விசிடி மட்டுமே கிடைத்தால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளியாக மின்னினால் பெரும்பாலும் ஆலையில் அச்சிட்டது, கொஞ்சம் பொறுக்கும். பச்சையோ நீலமோ தெரிந்தால் சாயத்தில் எழுதியது. வெயிலும் வெப்பமும் அந்தச் சாயத்தைத் தின்னும். அதை முதலில் நகலெடுங்கள்.