பந்தா, பட்டமா?

நடுவர் அவர்களே! அமெரிக்காவில் பேஸ்பால் ஆடுற 18 வயசுப் பையனுக்கு ரெண்டு வாசல். ஒண்ணு கல்லூரி. இன்னொண்ணு தொழில்முறை ஆட்டத்தின் கீழ்ப்படி, 'சிங்கிள் ஏ' லீக்.

எதிரணி நண்பர் கேட்டார்: "கல்லூரியில் உலோக மட்டை, 56 ஆட்டம். அங்கே பெரிய லீக் மாதிரியே மர மட்டை, சுமார் 130 ஆட்டம். எது பயிற்சி?" நியாயமான கேள்வி. ஆனா அங்கே நல்லா ஆடுற பையனை, கோப்பைக்கு முந்தின நாள்கூட மேலணி தூக்கிட்டுப் போயிடும்! (சிரிப்பு) கல்லூரியில் எல்லாரும் சேர்ந்து ஓமஹா இறுதிச்சுற்றுக்குப் போகணும், ஜெயிக்கணும்.

சம்பளம்? 2022-இல் அந்த லீக்கில் குறைந்தபட்சம் வருஷத்துக்குச் சுமார் 11,000 டாலர். 2023 ஒப்பந்தத்துக்கு அப்புறம்தான் 26,200.

பால் ஸ்கீன்ஸ் 2023-இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காகக் கோப்பை வென்றார். அதே வருஷம் டிராஃப்டில் முதல் ஆள். 2024 மே மாதமே பெரிய லீக்!

எல்லாரும் ஸ்கீன்ஸ் ஆக முடியுமா? முடியாது. அதனாலதான் சொல்றேன். நாலு வருஷக் கல்லூரியில் சேர்ந்தவனைப் பொதுவா மூணு வருஷம் முடியாம, இல்லே 21 வயசாகாம டிராஃப்டில் எடுக்க மாட்டாங்க. நாளைக்குத் தோள்பட்டை கைவிட்டாலும் அந்தப் படிப்பு கைவிடாது. தீர்ப்பை நீங்க சொல்லுங்க. (கைதட்டல்)