ஆட்டி வைத்த மாவு

(‘கொள்ளைநோயை வெல்லப் பெரிதும் தேவை பணமா? முன்னேற்பாடா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘முன்னேற்பாடே’ என்ற அணியில் பேசியது)



"பணம் இருந்தா எல்லாம் நடக்கும்" என்று முழங்கிவிட்டுப் போயிருக்கிறார் எதிரணித் தலைவர். ஒன்று கேட்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு நாலு விருந்தாளி வந்து நிக்கிறாங்க. பாங்கில லட்ச ரூபாய் கிடக்கு. அதைத் தோசைக்கல்லில ஊத்த முடியுமாய்யா? (சிரிப்பு) அன்றைக்கு மானத்தைக் காப்பாற்றுவது, வீட்டம்மா முதல் நாளே ஆட்டி வைத்த மாவு! அதுக்குப் பேருதான் முன்னேற்பாடு. (கைதட்டல்)

நைஜீரியாவைப் பாருங்கள். 2014 ஜூலை 20. லைபீரியாவிலிருந்து வந்த ஒருவர் லாகோஸ் விமான நிலையத்தில் சுருண்டு விழுகிறார். அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்த நேரம். தனியார் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். மலேரியா என்று வைத்தியம் நடக்கிறது. அமேயோ அடாடெவோ என்ற பெண் மருத்துவருக்குச் சந்தேகம் வருகிறது. சோதனைக்கு அனுப்புகிறார். "நோயாளியை வெளியே விடுங்கள்" என்று அழுத்தம் வருகிறது. அந்த அம்மா மறுத்துவிட்டார். சோதனை முடிவு... எபோலா! நோயாளி ஐந்தாம் நாள் இறந்தார். அந்த அம்மாவுக்கும் நோய் தொற்றி, ஆகஸ்டு 19-இல் உயிர் போயிற்று.

கோடிக்கணக்கான மக்கள் நெருக்கியடித்து வாழ்கிற ஊரய்யா அது! என்ன ஆகியிருக்க வேண்டும்? ஆனால் அங்கே மாவு தயாராக இருந்தது. போலியோவை ஒழிப்பதற்காக 2012-இல் ஓர் அவசர மையம் அமைத்திருந்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பழகிய ஆட்கள், பயிற்சி பெற்ற மருத்துவர்கள் எல்லாம் கையில் இருந்தார்கள். அந்த அமைப்பை அப்படியே எபோலா பக்கம் திருப்பினார்கள். நோயாளிகளோடு பழகிய சுமார் 900 பேரைக் கண்டுபிடித்து, 21 நாள் விடாமல் போய்க் காய்ச்சல் பார்த்தார்கள். ஏறத்தாழ 18,500 தடவை நேரில் போனார்கள். நோய் கண்டது 20 பேருக்கு. இறந்தது 8 பேர். அக்டோபர் 20-இல் எபோலா ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனமே அறிவித்தது. (கைதட்டல்)

லைபீரியா, சியரா லியோன், கினி மூன்றிலும் இந்த ஏற்பாடு இல்லை. பணம் வராமலா போச்சு? வந்தது. ஆனால் பட்டாளத்தை அனுப்புகிறோம் என்று செப்டம்பர் 16-இல் அமெரிக்கா அறிவிக்கும்போது 2,000 பேருக்கு மேல் மாண்டிருந்தார்கள். கடைசிக் கணக்கு 11,000-ஐத் தாண்டிவிட்டது.

அந்தப் பணக்கார அமெரிக்கா? நோயைச் சமாளிக்கும் தகுதியில் 2019-இல் பட்டியல் போட்டார்கள், முதலிடம் அதற்குத்தான். அடுத்த ஆண்டே கொரோனா வந்தது. நர்சுகளுக்கு முகக்கவசம் போதவில்லையே!

பணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரிசி, உளுந்து வாங்கக் காசு வேணும். ஆனா பசி வந்தப்புறம் ஊறப்போட்டா தோசை எப்ப வரும்? நோய் இல்லாத நாளிலும் கிராமத்துச் செவிலிக்குச் சம்பளம் கொடுத்து, பயிற்சி கொடுத்து வைத்திருப்பதை வீண்செலவு என்று நினைக்காத நாடுதான் பிழைக்கும். கிணறு வெட்ட வேண்டியது தாகம் எடுக்கும் முன்னாலே!

ஆகவே, கொள்ளைநோயை வெல்லப் பெரிதும் தேவை முன்னேற்பாடே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களை வேண்டி அமர்கிறேன்.