ஒரே கருவி, ஒரே பயிற்சி
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் என் வகுப்பு மாணவன் ஒருவனின் தாயார் பள்ளிக்கு வந்தார். கையில் ஒரு துண்டுப் பிரசுரம். மூளைக்குப் பயிற்சி கொடுத்துக் கவனத்தை வளர்க்கிறார்களாம். கட்டணம் அவருடைய இரண்டு மாதக் கூலி. "சேத்து விடலாமா சார்? இவன் மனசு வச்சுப் படிக்கிறதில்லைன்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க" என்றார். உண்மைதான். முன்னேற்ற அறிக்கையில் அந்த வரியை எழுதியவன் நான். இரண்டு நாள் பொறுங்கள் அம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன்.

அந்தப் பயிற்சிக்கு நியூரோஃபீட்பேக் என்று பெயர். மனித மூளையின் மின்னலைகளைத் தலையின் மேற்புறத்திலிருந்தே பதிவு செய்ததை ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929இல் வெளியிட்டார். இன்று அந்த அலைகளை உடனுக்குடன் கணினித் திரையில் ஒரு பட்டையாகக் காட்ட முடிகிறது. குறிப்பிட்ட அலை வலுத்தால் பட்டை உயரும். பயிற்சி பெறுபவர் அதை உயர்த்த வேண்டும், அவ்வளவுதான். எப்படி உயர்த்துவது என்று யாராலும் சொல்லித்தர முடியாது. சைக்கிள் ஓட்டக் கற்ற நாளில் நமக்குச் சமநிலை எப்படி வந்தது என்று சொல்ல முடியுமா? அதைப்போலத்தான்.

ஆனால் எல்லோருக்கும் இது வருவதில்லை. கருவி ஒன்று, பயிற்சி நேரம் ஒன்று, சொன்ன வார்த்தையும் ஒன்று. சிலருக்குப் பட்டை ஏறுகிறது, சிலருக்குப் பல நாள் உட்கார்ந்தும் அசைவதே இல்லை. தொடங்கும் முன்பே, சும்மா அமர்ந்திருக்கையில் ஆல்ஃபா அலை வலுவாக உள்ளவர்கள் அதை உயர்த்தவும் எளிதில் கற்கிறார்கள் என்று ஓர் ஆய்வு காட்டியது.

என்னை உறுத்தியது வேறொன்று. ஆஸ்திரியாவின் கிராஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உடல் அசையாமல் இருக்கும்போது வலுக்கும் 12 முதல் 15 ஹெர்ட்ஸ் அலையை உயர்த்தப் பயிற்சி அளித்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 10 அமர்வுகளுக்குப் பின், "மனதுக்குள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். இதை நினைத்தேன், அதைக் கற்பனை செய்தேன் என்று உத்தி சொன்னவர்களிடம் முன்னேற்றம் இல்லை. "குறிப்பாக ஒன்றும் செய்யவில்லை" என்றவர்களுக்கே அலை படிப்படியாக உயர்ந்திருந்தது. எந்தக் கருவியையும் என்னால் அடக்கி ஆள முடியும் என்று நம்பியவர்களும் இதில் பின்தங்கினார்கள். அடக்க முயலும் அந்த முயற்சியே மூளைக்குச் சுமையாகிவிடுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். பங்கேற்றவர்கள் சிலரே. ஆகவே இதை விதியாக்கிவிட வேண்டாம். ஆனாலும் 'மனசு வை, மனசு வை' என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லிவரும் எனக்குச் சுருக்கென்றது.

தாயாரின் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உள்ள, 7 முதல் 10 வயதுவரையிலான 144 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு உண்மையான பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு அதேபோல் தோன்றும் போலிப் பயிற்சி. பெற்றோரும் ஆசிரியர்களும் மதிப்பிட்டார்கள். இரு பிரிவுகளும் முன்னேறின, ஏறக்குறைய ஒரே அளவில்! அந்தக் குழந்தைகளுக்கு உதவியது அலைப் பயிற்சிதான் என்று சொல்ல இடமில்லை.

"பணத்தைக் கட்டாதீங்கம்மா. அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்க" என்றேன். அவர் முகத்தில் நிம்மதியா ஏமாற்றமா என்று பிடிபடவில்லை.

மறுநாள் அந்தப் பையனைத் தனியே கூப்பிட்டு, "நான் கவனின்னு சொன்னதும் நீ என்னப்பா செய்வே?" என்று கேட்டேன்.

"கண்ணச் சிமிட்டாம உங்க மூஞ்சியவே பாப்பேன் சார். அப்ப நீங்க சொல்றது ஒண்ணும் காதுல விழாது."

இந்தப் பருவ அறிக்கையில் அந்த வரியை நான் எழுதவில்லை. அந்த இடத்தில் என்ன எழுதலாம் என்று உங்களிடம்தான் கேட்கிறேன். தேநீருக்குப் பின் பேசுவோம்.